அயோத்தியாப்பட்டணத்தில் நிற்காத வண்டி

ஆவணி 7, சனிக்கிழமை

நாளைக் காலை நானும் கூட வேலை பார்க்கும் குமரேசனும் சேலத்திலிருந்து ரயிலில் கடலூர் போகிறோம். மடக்கு சைக்கிள்களைக் கூடவே ஏற்றிக்கொண்டு போய், இறங்கியதும் கடற்கரை வரை மிதிப்பதாகத் திட்டம்.

போன மாதம் ஜவுளி ஆபீசில் இதைப் பேசியபோது பக்கத்து மேசையில் தங்கவேல் அண்ணன் இருந்தார். பேச்சுக்கு, "நீங்களும் வாங்கண்ணா" என்றேன். சாப்பிடும்போது யார் வந்தாலும் "சாப்பிட வாங்க" என்போமே, அந்த வாங்கதான். யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். இந்த மனுசன் உட்கார்ந்துவிட்டார். மறுவாரமே சைக்கிள் வாங்கினார். எங்களோடு ஓட்டிப் பழக வந்தால், சின்ன மேட்டுக்கும் இறங்கித் தள்ளுவார். வாயை மட்டும் மூட மாட்டார்.

இன்று சாயங்காலம் குமரேசன்தான் ஆரம்பித்தான். "உங்க ஊடு அயோத்தியாப்பட்டணந்தானுங்களே. எதுக்குங்கண்ணா சேலம் வரைக்கும் வாரீங்க? அங்கயே ஏறிக்கோங்க."

எங்கள் வண்டி அங்கே நிற்காது. வெளியூர் போக பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறாதவருக்கு அது தெரியாது. என்னைப் பார்த்து, "நிக்குமா சாமி?" என்றார்.

"நிக்குமுங்கண்ணா" என்றேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கொஞ்சம் முன்பு போன் செய்தார். மூன்று பேருக்கும் கட்டுச்சோறு தயாராகிறதாம். "எந்தப் பொட்டின்னு எனக்குத் தெரியாதுல்ல சாமி. வண்டி வாரப்ப சன்னல்ல கைய நீட்டி ஆட்டுங்க. ஓடியாந்து ஏறிக்கிறேன்."

சரிங்க என்றேன்.

அங்கே பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று குமரேசனைக் கேட்க வேண்டும். மறுபக்கமாக உட்கார்ந்துகொள்ளலாம்.