மருந்தை விட்ட தண்டையல்

றஜப் பிறை 2, செவ்வாய்

வாடை. காற்றில் யன்னல் பலகை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது. கட்டுங்கோ என்றால் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. மழை இல்லை. வாடை கிளம்ப முதலே என் இடுப்பு சொல்லிவிட்டது. தோணி ஓட்டின காலத்தில் இப்படி ஒரு இடுப்பு இருந்திருந்தால் நல்ல தண்டையல் என்று பேர் எடுத்திருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். வருகிற கிழமை வியாழன், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். நாலு நாள் விட்டு ரயிலில் கொழும்பு. பொடியனுக்கு அங்கே பேட்டையில் துணிக்கடை வேலை. என்னோடு பேசும்போது பாயில் குந்தி இருந்து பேசினான், நின்று பேசவில்லை. படுத்துக் கிடப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மணப்பெண் என் மகள் சுலைகா. இனி சு. என்றே எழுதுவேன், படுத்துக்கொண்டு எழுத அது போதும்.

றஜப் 3, புதன்

என் அண்ணன், காக்கா, மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போய் என் கிழமை அபின் பொட்டலம் வாங்கி வந்தார். அரசாங்கக் கச்சேரியில் பதிந்து தந்த அட்டையில் அடையாளம் போட்டுத் தருவார்கள். மூத்தவர், வயது போனவர், வெயிலில் நடந்து போய் வருகிறார். முகம் மட்டும் சாராயம் வாங்கப் போனவர் முகம். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் நானும் ஏதும் சொல்லலாம்.

மிளகளவு, மூன்று வேளை. காலை சுபஹ், மத்தியானம் லுஹர், இரவு இஷா. உருண்டை பிடிப்பது சு. டப்பாப் பூட்டின் திறப்பும் அவளிடம். போன நோன்புக்கு முதல், எடுத்ததை மறந்து திரும்ப எடுத்து, அடுத்த நாள் வரைக்கும் எழும்பாமல் கிடந்தேன். சாகக் கிடப்பவனுக்கு ஓதும் யாசீன் கூட ஓதிவிட்டார்களாம். அன்றிலிருந்து திறப்பு அவள் இடுப்பில்.

அபின் எடுத்தால் நோவு போகும் என்று ஊர் நினைக்கிறது. போகாது. அடுத்த அறையில் போய் இருக்கும். அங்கே கிடந்து முனகுவது கேட்கும், ஆனால் நான் இங்கே ஒரு பிடி சோறு தின்னலாம், ஒரு கதை கேட்கலாம். அவ்வளவுதான் அது செய்யும் வேலை. கூலி: மூக்கு அரிப்பு, வாய் வறட்சி, நிலாவாரை குடித்தாலும் இளகாத வயிறு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவது. பாய்மரம் முறிந்து இடுப்பில் விழுந்த அன்றே மௌத்தாகியிருந்தால் இதெல்லாம் இல்லை. இதை எழுதக்கூடாது. எழுதியாயிற்று.

றஜப் 5, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் லெப்பை வந்தார். காக்காவும் கூட. இரண்டு பேரும் சேர்ந்து வந்தபோதே தெரிந்தது, நலம் விசாரிக்க இல்லை.

லெப்பை: "தண்டையல், கோவிக்காதீங்கோ. பொண்ணைக் குடுக்கிற வொலிக்குப் புத்தி தெளிவா இருக்கோணும். அபினிலை இருக்கிற ஆள் வாயாலை நிக்காஹ் சொன்னா, நாளைக்கு ஆரும் கூடாதெண்டு சொல்லலாம்."

நான்: "ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஐயா என்ன சொன்னவர் தெரியுமோ? நோவுள்ளவன் நேரத்துக்கு எடுத்தாத்தான் புத்தி நேரா இருக்குமாம். எடுக்காட்டித்தான் கோணுமாம்."

"அப்போதிக்கரிக்கு வயிறு தெரியும். கிதாபு தெரியாதே."

காக்கா: "நீ படு தம்பி. நான் சொல்லிக் குடுக்கிறன். நானும் அவளுக்கு வாப்பா மாதிரித்தானே."

மாதிரித்தான். நல்ல மனுசன், ஒரு வக்துத் தொழுகை விடாதவர், ஒரு பல்லுக் கூட நொந்தது கிடையாது. நடக்க முடியாது, உழைக்க முடியாது, வெளிக்குப் போக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒரு வசனம் சொல்ல முடியும். மகளைத் தந்தேன் என்று ஒரு வசனம். அதையும் வேறொருவர் சொன்னால் நான் எதற்கு?

கேட்டேன்: "அண்டைக்கு ஒருநாள் எடுக்காமல் இருந்தா?"

லெப்பை யோசித்தார். "சுபஹிலை இருந்து ஒண்டும் படாமல், சபையிலை நான் கேக்கிறதுக்கு நேரா மறுமொழி சொன்னா, எனக்குத் தடை இல்லை."

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவன்.

றஜப் 7, ஞாயிறு

ஒத்திகை பார்த்தேன். சுபஹ் உருண்டை வேண்டாம் என்றேன். சு. அதைத் திரும்ப டப்பாவில் வைத்துப் பூட்டினாள்.

முதலில் கொட்டாவி. தாடை கழன்று விழும்போல. பிறகு கண்ணும் மூக்கும் ஒழுகின. உடம்பெல்லாம் புல்லரிப்பு, வியர்வை, குளிர், எல்லாம் ஒன்றாக. இறுகிக் கிடந்த வயிறு ஒரேயடியாக உடைந்தது. பெண்சாதி சைனம்பு பாயைக் கழுவினாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தி அவளுக்குக் கிடைத்தது இந்தப் பாய்.

அதெல்லாம் போகட்டும். அடுத்த அறையில் இருந்தது வந்தது. வந்து என்மேல் இருந்தது. பேர் ஊர் ஒன்றும் இல்லாமல் போயிற்று. சைனம்பு ஏதோ கேட்கிறாள், காதில் விழுகிறது, கருத்து விளங்கவில்லை. லெப்பை கேட்கும் தெளிந்த புத்தி இதுதான்.

லுஹர் பாங்கு கேட்க முதலே திறப்பைக் கேட்டேன். சு. "வாப்பா, கொஞ்சம் பொறுங்கோ, அரைவாசி தாறன்" என்றாள். நான் அவளை ஒரு சொல் சொன்னேன். துறைமுகத்தில் சொல்லும் சொல். மணப்பெண்ணை. எழுதமாட்டேன்.

உருண்டை தந்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். பின்னேரம் நான் மனிதனாக இருந்தபோது "மன்னிச்சுக்கொள்ளு மகள்" என்றேன். "அது நீங்கள் இல்லை வாப்பா" என்றாள். அது நான்தான் என்று எனக்குத் தெரியும்.

றஜப் 9, செவ்வாய்

பந்தல் கட்டுகிறார்கள். தாழ்வுபாட்டுக் கரையில் இருந்து மீன் வரச் சொல்லியிருக்கிறது. ஆடு இரண்டு. கழுதை ஒன்று பந்தல் ஓலையைத் தின்றுவிட்டதாம், வெளியே ஒரே சத்தம். சிரித்தேன். சிரித்தால் இடுப்பில் வெட்டும், இருந்தும் சிரித்தேன்.

காக்கா திரும்பவும்: "ஏன் இந்தக் கஷ்டம்? விடு. நான் சொல்றன்."

விடமாட்டேன் என்றேன். பிடிவாதம் எங்கள் வாப்பா வைத்துப் போன ஒரே சொத்து.

பயம். சபை நடுவில் வாந்தி எடுத்தால்? மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அலறினால்? மகள் பேர் மறந்தால்?

றஜப் 11, வியாழன்

பின்னேரம். எல்லாம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இந்தக் குறிப்புக் கொப்பியை ஒருவரும் பார்ப்பதில்லை.

சுபஹுக்கு எடுக்கவில்லை. லுஹருக்கு முதலே ஆட்டம் தொடங்கிவிட்டது. குளிப்பாட்டி வெள்ளைச் சாரம் உடுத்தினார்கள், வியர்வையில் நனைந்தது, திரும்ப மாற்றினார்கள். காக்கா பக்கத்தில் இருந்து ஸலவாத்து ஓதினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதையும் எழுத வேண்டும்.

காக்கா தொழப் போன நேரம் சு. வந்தாள். கலியாணப் பொண்ணு அறையை விட்டு வரக்கூடாது. வந்தாள். கையில் மருதோன்றி சிவந்திருந்தது. ஒரு கோப்பை கோப்பி.

"ஆறமுதல் குடியுங்கோ வாப்பா."

ஒரு மிடறு. கோப்பியின் கசப்பு நாக்கு நுனியில். மற்றக் கசப்பு அடித்தொண்டையில். எனக்குத் தெரியாத கசப்பா? அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தேன். மண்டி வரைக்கும். அவளே கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அஸருக்குப் பிறகு சபை. மூன்று பக்கமும் தலையணை வைத்து என்னை இருத்தினார்கள். நோவு அடுத்த அறைக்குப் போய்விட்டது. தூக்கமும் இல்லை. அளவு தெரிந்த கை. இவ்வளவு தெளிவாக நான் இருந்து எவ்வளவு காலம்! பந்தல் ஓலையில் காற்று, ஆட்டிறைச்சி வாசம், மாப்பிள்ளையின் கை குளிர்ந்திருந்தது, நான் அழுத்திப் பிடித்தேன்.

லெப்பை சபைக்குக் கேட்க: "தண்டையல், இண்டைக்கு அபின் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"என்ன கிழமை? என்ன பிறை?" சொன்னேன். மஹர் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். பிறகு அந்த வசனம். என் மகள் சுலைகாவை உமக்கு நிக்காஹ் முடித்துத் தந்தேன். தட்டாமல், தடுமாறாமல், தோணியில் ஆள் கூப்பிடும் குரலில்.

லெப்பை சபையைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களோ, அது உள்ளுக்குப் போகாட்டி மனுசன் எவ்வளவு தெளிவு" என்றார்.

காக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

றஜப் 12, வெள்ளி

சந்தோஷம். வேறு சொல் இல்லை.

பின்னேரம்: நான் சபையில் பொய் சொன்னேன். புத்தி தெளிவாக இருந்தது, அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் இல்லை என்றேன். அந்த நிக்காஹ் கூடுமா, செல்லுமா? மார்க்கம் ஓதினவரைக் கேட்கலாம். கேட்டால், ஆருடைய நிக்காஹ் என்று திருப்பிக் கேட்பார்.

றஜப் 15, திங்கள்

ரயில். ஸ்டேசனுக்கு என்னால் போக முடியாது. சு. பாயில் இருந்து என் காலை அமுக்கினாள், சின்ன வயசில் செய்வதுபோல. திறப்பை உம்மாவிடம் கொடுத்தாள். "சேர்த்து வச்சதிலை ஒரு கிழமைக்கு உருண்டை பிடிச்சு வச்சிருக்கிறன், ஒரே அளவு" என்றாள். காதுக்குள் கோப்பியைப் பற்றி ஏதும் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கெட்டிக்காரி.

ரயில் சத்தம் வாடையில் நெடுநேரம் கேட்டது.

றஜப் 17, புதன்

பொட்டல நாள். காக்கா வெறுங்கையோடு வந்தார். சந்தோஷ முகம்.

"தம்பி, அட்டையைக் கச்சேரியிலை திருப்பிக் குடுத்திட்டன். பேரை வெட்டச் சொல்லிட்டன். உனக்கு இனி அது வேண்டாம்."

விளங்கவில்லை.

"அண்டைக்கு ஒரு பொட்டும் இல்லாமல் சபையிலை நிமிர்ந்து இருந்தனீ. உனக்கு நோவு இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா உன்னாலை ஏலும். நானே என்ர கண்ணாலை கண்டனான்."

டப்பா எங்கே என்றேன். சைனம்பு தலையைக் குனிந்தாள். சு. பிடித்து வைத்த உருண்டை எல்லாம் கடலில். சைனம்பு பள்ளிக்கு நேர்ச்சை வைத்திருக்கிறாளாம், நான் விட்டதற்கு. அவள் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியைக் கண்டு வருஷக்கணக்கு.

வாய் நுனி வரைக்கும் வந்தது. நான் எடுத்தேன், அன்றைக்கும் எடுத்தேன். சொன்னால் காக்கா நாளைக்கே பேரைத் திரும்பப் பதிந்து பொட்டலம் கொண்டு வருவார். லெப்பையும் வருவார். கொழும்புக்கு ஆள் போகும். மாப்பிள்ளை வீட்டாரிடம், நிக்காஹ் திரும்பச் சொல்ல வேண்டும், இது வரைக்கும் சேர்ந்திருந்தது கணக்கில்லை என்பார்கள். கோப்பி கொடுத்தவள் பேர் ஊர் வாயில் கிடக்கும்.

கொட்டாவி தொடங்கிவிட்டது.

றஜப் 18, வியாழன்

முடியவில்லை. பாய். வாளி. சைனம்பு.

திருக்கையைத் தோணியில் போட்டால் அடித்து அடித்து ஓயும். நான் ஓயவில்லை.

றஜப் 19, வெள்ளி

குத்பாவுக்குப் பிறகு லெப்பை என்னைப் பற்றிச் சொன்னாராம். மகளுக்காக அபினை விட்ட வாப்பா. ஆட்கள் பார்க்க வருகிறார்கள். வாசலில் நின்று ஒருவன்: "மூண்டு நாளைக்குத்தான் கஷ்டம், பிறகு சரியாம்."

கொட்டாவி, வயிற்றுப்போக்கு எல்லாம் மூன்று நாளில் சரியாகும், ஓம். இடுப்பில் முறிந்தது மூன்று நாளில் சரியாகாது. அதை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த அறை என்று இனி ஒன்று இல்லை.

காக்கா நெற்றியில் ஈரத்துணி வைக்கிறார். பல்லைக் கடிக்கிறேன். வாய் திறந்தால் அலறல் முதலில் வருமா, உண்மை முதலில் வருமா, தெரியாது. அதனால் திறப்பதில்லை.

றஜப் 20, சனி

எழுத்து கோணல். துணியை வாயில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சு. கடிதம் வந்தது. காக்கா வாசித்தார். வீடு சின்னதாம். மாப்பிள்ளை நல்லவராம், நோவுள்ள வாப்பாவைத் தினம் விசாரிக்கிறாராம். கடைசியில், வாப்பா மருந்து நேரத்துக்கு எடுக்கிறாரா, உம்மா உருண்டையைப் பெரிசாப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ என்று.

காக்கா பேனை எடுத்தார், உடனே மறுமொழி போட. "வாப்பா மருந்தை முழுக்க விட்டிட்டார் எண்டு எழுதுறன், பிள்ளை துள்ளிக் குதிப்பாள்."

துணியை எடுத்தேன். அது எழுதினால் ஓடி வருவாள். வந்து கோப்பிக் கதையைச் சொல்லிவிடுவாள்.

"வேண்டாம் காக்கா. மருந்துக் கதை வேண்டாம்."

"பெருமை பிடிக்காத மனுசன்" என்று சைனம்புவைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப என்ன எழுத?"

"நல்ல சுகம் எண்டு எழுதுங்கோ."