வாப்பாவின் நெற்றியில் நாற்பத்தெட்டு

ஜூன் 18, புதன்

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, ஏசி அறை என்று நினைத்து பிஎச்.டி.யில் சேர்ந்தவள் நான். இன்று குற்றாலம் ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில், நேந்திரம் சிப்ஸ் கடைக்கும் பலாச்சுளைக் கடைக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அறுபது வயது தாண்டியவர்கள் எழுந்து நிற்கும்போது மூளையிலும் தொடைத் தசையிலும் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்பதுதான் தலைப்பு. நெற்றியில் ஒரு வில்லை, முட்டுக்கு மேலே ஒரு வில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் அதில் எவ்வளவை விழுங்கியது என்று பார்த்து, செல்போனில் எண் காட்டும். வெயில் புகாமல் மேலே கறுப்புத் துணி கட்ட வேண்டும்.

சீசனுக்கு வயசாளிகள் கூட்டமாக வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். வந்தார்கள். எல்லோரும் எண்ணெய் மசாஜ் முடித்துவிட்டுப் பளபளவென்று வந்தார்கள். ஒரு தொடையிலும் வில்லை ஒட்டவில்லை. தென்காசியில் பிறந்து வளர்ந்த எனக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பார்கள் என்பது தெரியாது, பாருங்கள்!

போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற உச்சிமாகாளி அண்ணாச்சி மட்டும் பொறுமையாக உட்கார்ந்தார். நெற்றியில் கறுப்புத் துணி கட்டியதும் அவர் வீட்டம்மா, "இத்தன வருசம் நீங்க பிடிச்சவன் மாதிரியே இருக்கீய" என்று சொல்ல, அவர் சிரிக்க, வில்லை கீழே விழுந்தது. மூன்று பேர் சுகர் பார்க்க எவ்வளவு என்று கேட்டுப் போனார்கள்.

ஜூன் 21, சனி

கைடு ஸ்ரீவித்யா மேடம் போனில் கேட்டார், எத்தனை பேர் முடிந்தது என்று. "பைலட் போயிட்டிருக்கு மேடம்" என்றேன். பைலட் என்றால் வெள்ளோட்டம்; என் அகராதியில் சைபர்.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஒன்பதுக்குத் தம்பி ரபீக் ஷார்ஜாவிலிருந்து வீடியோ கால். தினமும் இதே கதை. வாப்பா காமிராவுக்கு முன்னால் ஒரு மாத்திரையைக் காட்டி விழுங்க வேண்டும், அப்போதுதான் அவன் வேலைக்குப் போவான். பிப்ரவரியில் வாப்பா அங்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து இந்தப் பழக்கம். பாதாம், தைலம், சத்து மாத்திரை — அவன் பெட்டி பெட்டியாக அனுப்புவதில் அதுவும் ஒன்று. நான் மாதாமாதம் வாங்கிக் கொடுக்கிற பிரஷர் மாத்திரை இட்லியோடு அமைதியாக உள்ளே போய்விடுகிறது. அதற்குக் காமிராவும் இல்லை, கைதட்டலும் இல்லை. வீட்டோடு இருக்கிற மகள் என்றால் அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

ஊரெல்லாம் ஆள் தேடுகிறேன், வீட்டிலேயே அறுபத்தாறு வயதில் ஒருவர் இருக்கிறார். வாப்பாவை உட்கார வைத்து நெற்றிக்கு நடுவே, அழகாக, பொட்டு வைத்த மாதிரி வில்லையை ஒட்டினேன்.

48.

மூளையின் ஆக்சிஜன் அறுபதுக்குக் கீழே போனாலே யோசிக்க வேண்டும். கழற்றி ஒட்டினேன். 47. மறுபடியும் 48. என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன், 68.

ஒரு மாதமாக அவர் எழுந்திருக்கும்போது நிலைக்காலைப் பிடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். கேட்டால் சும்மாதான் என்பார். இப்போது அதே இடத்தில் நின்று, "என்னம்மா, பாஸா ஃபெயிலா?" என்று கேட்கிறார்.

என்ன சொல்ல? மூளைக்கு ரத்தம் போகல வாப்பான்னா?

ஜூலை 2, புதன்

திருநெல்வேலி போய் ஸ்கேன் எடுத்தோம். போகிற வழியெல்லாம் உம்மா ஓதிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வாப்பா ஆலங்குளத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வடை வாங்கித் தின்றார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கழுத்து ரத்தக் குழாயும் சுத்தம். யார் சொல்லி வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பையிலிருந்து கருவியை எடுத்துக் காட்டினேன். பையை மூடச் சொன்னார்.

ஜூலை 3, வியாழன்

மேடத்துக்கு அளவும் போட்டோவும் அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போன்.

"முஹ்ஸினா, உங்க அப்பா அஞ்சு வேளை தொழுறவரா?"

ஆமாம் மேடம், ஏன் என்றேன்.

"நெத்தி நடுவுல கறுப்பா காய்ப்பு இருக்கே, அது மேலயா ஒட்டுவாங்க?"

நாற்பது வருடம் சுஜூதில் நெற்றி தரையைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன தோல். கறுத்துத் தடித்த தோல் ஒளியை விழுங்கிவிட்டால் கருவி வாய்க்கு வந்ததைச் சொல்லும். போதாததற்கு நடு நெற்றிக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே ஒட்டவே கூடாது, ஓரத்தில்தான் ஒட்ட வேண்டும். இது முதல் பாடம். எங்கள் தெருவில் பாதிப்பேர் நெற்றியில் அந்தத் தழும்பு உண்டு. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பார்த்துப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது போல.

ஆக வாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, கருவிக்கும் ஒன்றும் இல்லை. கோளாறு எல்லாம் ஒட்டியவளிடம்.

அவர் இன்னும் சுவரைப் பிடிக்கிறாரே என்று உம்மா கேட்டாள். ஸ்கேனே சரியாக இருக்கிறது, வயசுதான் என்றேன். ரொம்பத் தெரிந்த மாதிரி.

ஜூலை 9, புதன்

நான்கு பேர் முடிந்தது. எண்ணெய் இல்லாதவர்கள். ஓரத்தில் ஒட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

வாப்பா விழுந்துட்டாவ.

ஜும்மா தொழுகையில், சுஜூதிலிருந்து எழுந்து நிற்கும்போது. முன் வரிசையில் நின்றவர் மேல் சாய்ந்து, பிறகு தரையில். பக்கத்து வீட்டு சலீம் மாமா பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். உம்மா என்னைத்தான் பார்த்தாள். ஏசியிருக்கலாம்.

வயசுதான்னு சொன்னேனே. யாரு சொன்னா? நான்தான. ஒரு தப்பான நம்பர நம்பி திருநெல்வேலிக்கு ஓடுனேன், அது தப்புன்னு தெரிஞ்சதும் கண்ணுல பாத்ததையும் சேத்துத் தூக்கிப் போட்டுட்டேன். அவுக தலை பக்கத்துத் தூண்ல பட்டிருந்தா?

ஜூலை 19, சனி

பள்ளிவாசலில் பின் வரிசையில் வாப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்களாம். இனி உட்கார்ந்தே தொழட்டும் என்று. நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவர் பள்ளிக்குப் போகவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை.

சாயங்காலம் என்னை உட்காரச் சொல்லி, தலைசுற்றல் ரம்ஜானுக்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சொன்னால் இந்த நாற்காலிதான் வரும் என்று தெரிந்து மறைத்திருக்கிறார். "நின்னு தொழுத மனுசனுக்கு, பின்னால போயி உக்காருன்னா என்னமோ மாதிரி இருக்கும்மா" என்றார். குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் அவர் மாத்திரையெல்லாம் முடித்த பிறகு ஒழுங்காகச் செய்தேன். புருவத்துக்கு மேலே, தழும்பு இல்லாத ஓரத்தில் வில்லை. மேலே கறுப்புத் துணி. கையில் பிரஷர் பட்டை. பத்து நிமிடம் படுக்க வைத்து, எழுந்து நிற்கச் சொன்னேன். உம்மா பின்னால் இருந்து பிடித்துக்கொண்டாள்.

படுக்கையில் 66. நின்றதும் 61, 57, 53. அங்கேயே நின்றுவிட்டது, ஏறவில்லை. பிரஷர் 112-லிருந்து 80. போனில் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாப்பாவை உட்கார வைத்தேன். இந்தக் கருவி முதல்முறையாக உண்மை பேசியது. கேட்கத்தான் பிடிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

தென்காசியிலேயே ஒரு வயதான டாக்டர். போனில் அந்த இறங்கும் கோட்டைக் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒன்றுதான், நான்தான் வாங்குகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வாப்பா இருமினார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ரபீக் அனுப்புவது. பேர் வேறு, நிறம் வேறு. டாக்டர் அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டும் ஒரே மருந்து. அதே அளவு. பிப்ரவரியில் ஷார்ஜா டாக்டர் எழுதிக் கொடுத்தது.

சத்து மாத்திரை என்று நானே முடிவு செய்து, அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த அட்டையை நகர்த்தி வைத்து, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காதவள் ஆராய்ச்சியாளர்.

ஏன் வாப்பா ரெண்டையும் போட்டீய என்று கேட்டேன்.

"அவன் அங்கன தனியா கெடந்து அனுப்புதான். போடலன்னா அவன் மனசு சங்கடப்படும். நீ வாங்கித் தாரதப் போடலன்னா நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்கிடுவ. ரெண்டும் பிரஷருக்குத்தான, கூடப் போட்டா கூடக் கேக்கும்னு நெனச்சேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஏதாவது ஒன்று போதும், எதை நிறுத்துவது என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

எதை நிறுத்துவது என்று வாப்பாவிடம் கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தார். உம்மாவிடம் கேட்கச் சொன்னார். உம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நிஜத்தைச் சொல்கிறேன், என்னுடையதே போதும் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். முப்பத்தொரு வயது, வெட்கமே இல்லை.

ரபீக்கிடம் சொன்னேன். "அப்போ நான்தான் வாப்பாவ விழ வச்சேனா அக்கா?" என்றான். இல்லலே, ரெண்டு பேரும் சேந்துதான் என்றேன். அவன் அழுதான், நானும்.

ஜூலை 31, வியாழன்

இப்போது ஒரு மாத்திரைதான். படுக்கையில் 67. நின்றதும் 62, அரை நிமிடத்தில் 66. மூன்று முறை பார்த்தேன். பிரஷரும் இறங்காமல் நிற்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாப்பா ஜும்மாவுக்கு நடந்தே போனார். இரண்டாவது வரிசையில் நின்றே தொழுதாராம், சலீம் மாமா வந்து சொன்னார். பின் வரிசை நாற்காலியில் வேறு யாரோ.

காலை ஒன்பதுக்கு ரபீக் போன் வந்திருந்தது. வாப்பா அவன் அனுப்பிய மாத்திரையைக் காமிராவில் காட்டினார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தேன். மருந்துக் கடைக்குப் போய் பிரஷர் மாத்திரை இந்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன்.