உள்ளே இடம் இருக்கிறது

பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறை இல்லை, எனக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று அடக்கிவிட்டு, பிறகு தம்பியைக் கூப்பிட்டு உன் இஷ்டத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, முழுசும் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்து நர்சரியில் போடலாமா வேண்டாமா என்று படுத்துகிற பாட்டில் எனக்குத் தலை வலியே வந்துவிட்டது. தெருமுனை தாண்டி இருக்கிற அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில், பின்பக்கக் கட்டடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று இரண்டு அறை வைத்திருக்கிறார்கள். முதலில் இவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் வேறு எதைப் பார்ப்பான், கேட்டில் கொண்டி உயரமாக இருக்கிறது, சுவிட்ச் எதுவும் பிள்ளைகளுக்கு எட்டாது, அதனால் போடலாம் என்றான். பிறகு அவள் போனாள். மருந்துக்கடையில் நிற்கிறவள் இல்லையா, குழாயடியில் சோப்பு இல்லை, மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளை எல்லோரோடும் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்றாள். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு சோப்பு வைத்துவிட்டார்கள், போடலாம் என்கிறாள், அதற்குள் இவன் இடைவேளையில் பெரிய பையன்கள் எருமைக் கூட்டம் மாதிரி ஓடி வருகிறார்கள், இடித்துத் தள்ளிவிடுவார்கள், வேண்டாம் என்கிறான். தட்டில் கை காய்ந்துபோகிற வரைக்கும் இதே பேச்சு. நான் ஏதாவது சொன்னால் நீ சும்மா இரும்மா, ஒனக்கு இதெல்லாம் புரியாது என்கிறான். இத்தனை புரிந்தவர்கள் ஒரு தடவைகூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. செருப்பு வாங்கப் போனால்கூடக் காலைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறோம், இவர்கள் கொண்டியையும் குழாயையும் பார்த்துப் பார்த்து வந்தார்களே தவிர அந்த இடத்தில் பிள்ளை எப்படி நிற்கிறான் என்று பார்க்கத் தோன்றவில்லை.

போன வாரம் துணி மடிக்கும்போது மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். உண்மையான காரணம் சோப்பும் இல்லை கொண்டியும் இல்லையாம். அண்ணிதான் போன்ல சொன்னாங்க அத்தை, மாமா தவறிப்போன வீட்ல பையனும் காலையில கெளம்பிட்டா நீங்க சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருவீங்களாம், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னாங்க என்றாள். எனக்கு வந்த கோபத்தில் மடித்த போர்வையை மறுபடி உதறிவிட்டேன். அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே யார் எங்கே போக வேண்டும் என்று நீ முடிவு பண்ணுகிறாயா. அவன் என்ன மாத்திரையா, எனக்கு மூன்று வேளையும் கொடுப்பதற்கு. மருந்துக்கடைக்காரிக்கும் அது தோன்றவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன் கேள். பையன் உங்கள் அப்பா வேலைக்குப் போகும்போது வைத்திருந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறான். அப்பா கண்டக்டராக இருந்தபோது கால் வைக்க இடமில்லாத கூட்டம், இவனுக்கு நான் ஒருத்திதான் பிரயாணி. எங்க போவணும் என்று கேட்பான், நான் பதில் சொல்வதற்குள் எனக்கு எங்கேயோ நினைவு போய்விடும், கண் கலங்கும். உடனே விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவான். பஸ்ஸை நிறுத்திவிட்டுத் துண்டை எடுத்துவந்து மடியில் வைத்துவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விளையாடுகிறான். மூன்று வயசுப் பிள்ளைக்கு இது வேலையா. அதற்காகவே நான் அழுகையை விழுங்கி விழுங்கி, வேலைக்குப் போனவர்கள் வருகிற வரைக்கும் சிரித்த மூஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் திங்கட்கிழமை அவர்கள் கிளம்பிப் போன பிறகு யாரிடமும் கேட்காமல் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வாசலில் ஒரே ரகளை. ஒரு பிள்ளை அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே படுத்துவிட்டது, அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று, யாரும் உள்ளே போக முடியவில்லை. டீச்சர் பாவம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இவன் என் கையை விட்டான். விசிலை ஒரு ஊது ஊதினான். படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு என்றான். அந்த உள்ள என்கிற சொல்லை உங்கள் அப்பா இழுக்கிற மாதிரியே இழுத்தான் பெரியவளே. படுத்திருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து போனது, பின்னாலேயே மற்றதும் போனது. டீச்சர் சிரித்துவிட்டு, கண்டக்டரு, நீங்களும் ஏறுங்க, வண்டி கெளம்பணும் என்றாள். ஏறினவன் திரும்பிப் பார்த்தான். நான் படியில் ஒரு கால் வைத்து நின்றுகொண்டிருந்தேன். எறங்குறவங்க எறங்குங்க என்றான். என்னைத்தான் சொன்னான். இறங்கினேன்.

மதியம் வரைக்கும் இருக்கட்டும், சேர்ப்பதென்றால் பெற்றவர்கள் வர வேண்டும் என்றாள் டீச்சர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, அந்த நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, அப்பா போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். துண்டு கொண்டுவர ஆள் இல்லை, நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. அழுது முடித்து நன்றாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் உன் தம்பி எங்களக் கேக்காம எப்படிம்மா கூட்டிட்டுப் போவே என்று குதித்தான். முதலில் உட்காருப்பா, பையனையே கேளு என்றேன். கேட்டான். நாளைக்கும் வண்டி இருக்கு என்று பையன் சொன்னதும் குதிப்பு அடங்கிவிட்டது. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்கள். விசிலைப் பையில் வைத்துக்கொள்ளலாம், வாசலில் மட்டும் ஊதலாம் என்று டீச்சர் ஒத்துக்கொண்டாளாம்.

நீ இதில் இனிமேல் வாயைத் திறக்காதே. உன் அக்கறை எனக்குத் தெரியும், ஆனால் எனக்குத் துணை வேண்டுமென்றால் நீ லீவு போட்டு வா, சின்னப் பிள்ளையை உட்கார வைக்காதே. நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும், அப்பா எங்கிருந்தாலும் அதையேதான் சொல்வார். ஒன்று மறக்காதே, இனி காலையில் போன் பண்ணாதே, மதியம் பையன் வந்த பிறகு பண்ணு. காலை நேரம் நான் அழுவதற்கென்று வைத்திருக்கிறேன்.

உன் மேல் கோபமும் ஆசையுமாக,
அம்மா