துவைக்கிற கல்லோரம் நீர்முள்ளி

18-8-91, ஞாயிறு
ஏரிக்கரையிலிருந்து நீர்முள்ளிக் கன்று ஒன்றைப் பிடுங்கி வந்து, துவைக்கிற கல்லின் தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டேன். கை முழுக்க முள். அந்த ஊதாப் பூவை ஒரு தடவையாவது என் வீட்டில் பார்க்கணும். இவர் எட்டிப் பார்த்து, "ரோஜாவெல்லாம் உனக்குப் பிடிக்காதா காந்திமதி?" என்றார். பிடிக்காது.

2-9-91
அடுத்த வீட்டு அருள்மேரி அக்கா சுவர் வழியாகச் செடியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "சாருக்கு எத்தனை நாளா நீர்க்கடுப்பு?" நீர்முள்ளிக் கஷாயம் அதுக்கு மருந்தாம். பூவுக்காக வைத்தேன் என்றேன். "என்கிட்ட என்ன வெக்கம்?" என்று ஒரு பொட்டலம் பார்லி கொடுத்துவிட்டுப் போனாள். ஏன், பூவுக்காக ஒருத்தி நீர்முள்ளி வளர்க்கக் கூடாதா?

10-9-91
தெருவே விசாரிக்குது. மளிகைக்கடை பக்கீர் முகமது பாய், நாலு பேர் எதிரில் இவரை இளநீர் குடிக்கச் சொன்னாராம். இவர் வீட்டுக்கு வந்து குதித்தார். "மானம் போகுது. ஞாயித்துக்கிழமை நானே வெட்டிப் போடறேன்."
இப்பதான் புது இலை விட்டிருக்கு. பாவி மனுஷன்.

15-9-91, ஞாயிறு
மண்வெட்டியோடு போனார். சண்டைக்குத் தயாராகப் பின்னாலேயே போனேன். குளியலறைத் தண்ணியும் செடிக்குப் போகிற மாதிரி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறார்!
விஷயம் இதுதான். இவர் ஆபீஸ் போகிற பஸ், செங்கல்பட்டிலிருந்து வரும்போதே நிரம்பி வழிகிற வண்டி. அதில் எங்கள் தெரு குப்புராஜ் ரெண்டு நாளா எழுந்து இடம் கொடுக்கிறானாம். "நிக்காத சார், உனக்கு ஆவாது."

20-10-91
தினமும் ஜன்னலோரம். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சுளித்துப் பழகுகிறார். வெட்கங்கெட்டவர்.

17-11-91
மொட்டு. சத்தியமா மொட்டுதான்.

24-11-91
பூத்துவிட்டது. கணுவுக்குக் கணு ஊதா. கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி ஊறிக் கிடந்தது, கிடக்கட்டும்.

26-11-91
இவர் முகமே சரியில்லை. வண்டியில் குப்புராஜ் காதோரம் கேட்டானாம். "எனக்கும் அதே பேஜார்தான் சார், ஒரு வருசமா. வூட்ல சொல்ல வெக்கமா கீது. அந்தச் செடி கொஞ்சம் கிடைக்குமா?"
வலியை வச்சுக்கிட்டு இவருக்காக எழுந்து நின்றிருக்கிறான்.
"வெட்டட்டுமா?" என்று என்னைக் கேட்டார். முதல்முறையாகக் கேட்டார். பூ மூணு நாள்கூட ஆகவில்லை — அழுகையா வந்தது. நானே அரிவாளை எடுத்து, வேரை விட்டுவிட்டு அறுத்தேன். அருள்மேரி அக்காவின் பார்லியையும் சேர்த்துக் கட்டினேன். "முதல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

27-11-91
குப்புராஜை உட்கார வைத்துவிட்டு, பாரிஸ் கார்னர் வரைக்கும் நின்றுகொண்டே போனாராம். கால் வீங்கியிருக்கு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

15-12-91
குப்புராஜுக்குத் தேவலையாம். டாக்டர் மாத்திரையா, என் செடியா, நான் கேட்கவில்லை. அடிக்கட்டையில் ரெண்டு துளிர் வந்திருக்கு.
அருள்மேரி அக்கா சுவர் மேலிருந்து, "சாருக்கு இப்ப எப்படி?" என்றாள். நல்லாயிட்டார் என்று வாயெடுத்தேன்.
உள்ளேயிருந்து இவர் குரல்: "இன்னும் முழுசா குணமாகலைன்னு சொல்லு."