முடியும் திகதி இல்லாத தீர்மானம்

சேசு மரி சூசை துணை

அரியாலை,
1938ஆம் ஆண்டு ஐப்பசி 5.

அன்புள்ள மகன் கனிசியசுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் தங்கச்சி யோசப்பினும் தேகசுகத்துடன் இருக்கிறோம். உன் சுகத்துக்காக நாள்தோறும் செபமாலையில் ஒரு பத்து தனியாகச் சொல்லி வருகிறேன். கிள்ளானில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஈரச் சப்பாத்தோடு வேலைக்குப் போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிடும். யோசப்பின் கன்னியர் மடத்துக்குப் போய்த் தையல் படிக்கிறாள். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. இனி நீ எழுதிய சங்கதிக்கு வருகிறேன். தம்பிராசாச் சம்மாட்டியார் தலைவர் பதவியிலிருந்து இறங்கிவிட்டாராம், இனிச் சங்கம் பழையபடி வந்துவிடும், சந்தோஷம் என்று இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டாய். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னில் இல்லை மகனே. அவர் இறங்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்துத்தான்.

நீ மலாயாவுக்குக் கப்பலேறிய நாளில் எங்கள் கரைச் சங்கம் எப்படி இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். சைவரும் வேதக்காரருமாக எல்லாரும் கூடியிருந்து தாங்களே எழுதிய சட்டம். ஆடி மாதம் சந்தியோகுமையோர் திருநாள் கழிந்த ஞாயிறு கூட்டம் கூடவேண்டும், வேண்டுமென்றால் புளியங்கொட்டை வேண்டாமென்றால் சிப்பி என்று பானையில் போட்டுத் தலைவரைத் தெரியவேண்டும், இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவரே இருக்கக்கூடாது, கரைக் கடலில் களங்கட்டி வலைக்குத் தடி நடும் இடங்களைத் திருவுளச் சீட்டுப் போட்டுத்தான் பங்கிடவேண்டும். வாய்க்கால் முகத்து இடம் விழுந்தவனுக்கு அந்த வருஷம் இறால் அள்ளக் கை போதாது, சேற்றுக் கரை விழுந்தவனுக்குக் கறிக்கு நண்டு கிடைத்தாலே பெரிது, ஆனாலும் அடுத்த ஆடியில் மாறும் என்று தெரிந்தபடியால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அப்பா காரியதரிசி என்று பேர், எழுத்து அவருக்கு ஓடாது. கூட்டம் முடிந்து வந்து அவர் சொல்லச் சொல்லக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது நான், கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. அரசாங்க சபைத் தேர்தலில் வாக்குப் போட எனக்கு உரிமை உண்டு, போட்டுவிட்டும் வந்தேன். இந்தக் கரையில் மட்டும் பெண்ணுக்குப் பானையில் ஒரு கொட்டை போட இடமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் அடித்த புயலைப்பற்றி அப்போதே எழுதியிருந்தேன், இரண்டு பேர் கடலோடு போனார்கள், நட்ட தடி ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது தலைவராக இருந்தவர் பல தோணியும் வலையும் வைத்திருக்கும் தம்பிராசாச் சம்மாட்டியார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் கிழமை அவர் செய்ததை வேறு ஒருவரும் செய்யவில்லை. காற்று ஓயமுன் தோணியை இறக்கிப் பிரேதங்களைத் தேடினார், தன் காணி மரங்களைத் தறித்து எல்லாருக்கும் தடி கொடுத்தார். அதனால்தான் கூட்டத்தில் சனம் ஒரே குரலாக, "இனி இருந்து கதைக்க நேரமில்லை, சம்மாட்டியாரே இடத்தைப் பிரிச்சுத் தரட்டும்" என்று சொல்லிவிட்டது. அப்பா வந்து, நிலைமை சீராகும் வரைக்கும் கூட்டமும் தேர்தலும் இல்லை, இடம் பிரிப்பது தலைவர் பொறுப்பு என்று எழுதச் சொன்னார். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வரைக்கும்? ஒரு திகதி போடவேணுமெல்லே?" என்று கேட்டேன். "சனம் செத்துக் கிடக்குது, உனக்குத் திகதியோ? எழுதன்" என்றார். எழுதினேன். அது என் கை எழுத்து, அதை நான் மறைக்கமாட்டேன்.

பிறகு எல்லாரும் தடி நட்டு வலை கட்டி மீன் பிடித்தார்கள், சம்மாட்டியார் கண்ணுக்கு மட்டும் நிலைமை சீராகவில்லை. ஆடி வந்தது, கூட்டம் இல்லை. மற்ற ஆடியும் வந்தது, இல்லை. சங்கக் கொட்டிலுக்குப் பூட்டு விழுந்தது, புத்தகம் அவர் வீட்டுக்குப் போயிற்று. அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு நல்ல இடம். ஏன் என்று கேட்டவனுக்குச் சேறு. அப்பாவின் தோணிக் கூட்டாளி நடராசா கடையடியில் நின்று, "இது ஆரின்ரை கடல்?" என்று கேட்டான், ஒரே ஒரு கேள்விதான், மூன்றாம் நாள் விடியப் போய்ப் பார்த்தால் அவன் நட்ட தடியெல்லாம் பிடுங்கி மிதக்கிறது. ஆர் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. ஏனென்றால் மகனே, அந்த இரண்டு வருஷமும் வாய்க்கால் முகத்து இடம் அப்பாவுக்குக் கிடைத்தது. உனக்கு ருசி என்று எழுதினாயே அந்த இறால் கருவாடு, அது அந்த இடத்து இறால்தான். நடராசா பிழைப்புத் தேடி, வேறொருவனுடைய வலையைக் கூலிக்கு இழுக்க மன்னாருக்குப் போனான். பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலால்தான் போனான், அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த நாள் அவன் பெண்சாதி செல்வநாயகி என்னிடம் வந்து, "மார்கிரட்டக்கா, நீங்கள் எழுதின புத்தகத்திலை எங்களுக்கு ஒரு வழியும் இல்லையோ?" என்று கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. சட்டம் எழுதின நாளில் நான் வைத்திருந்த பிரதியைத் தேடி எடுத்து வாசித்தோம். பத்துப் பேர் கேட்டால் காரியதரிசி ஏழு நாளுக்குள் கூட்டம் கூட்ட வேண்டும் என்று இருந்தது. செல்வநாயகி வீடு வீடாகப் போய்ப் பதினொரு கைநாட்டு வாங்கி வந்தாள். அப்பா நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஐந்தாம் நாள் எழுந்து போய்க் கூட்டம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்தார். கொட்டில் பூட்டியிருந்தபடியால் வெளி மணலில் கூடினார்கள். சம்மாட்டியார் வந்து, "ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டாராம். "நான்தான்" என்று அப்பா சொன்னாராம். அவர் இன்னும் தலைவராக இருக்கவேண்டுமா என்று பானை வைத்து எண்ணினால் பதினெட்டுச் சிப்பி, பதினொரு கொட்டை. அவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார், சுவாமியார் சொல்லியனுப்பின பிறகு புத்தகமும் திரும்பி வந்தது. அவர் இறங்கியது வரைதான் அப்பா யோசப்பினைக் கொண்டு உனக்கு எழுதுவித்தார். இதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லமாட்டார்.

இராசநாயகத்தைத் தலைவராக்கினார்கள், நல்ல மனிதன், குடிவகை ஒன்றும் இல்லை. முதல் கூட்டத்திலேயே என்ன தீர்மானித்தார்கள் தெரியுமா? இந்த வருஷம் திருவுளச் சீட்டு வேண்டாம், சம்மாட்டியாரின் ஆட்களுக்குச் சேற்றுக் கரையைக் கொடுத்துப் பாடம் படிப்பிக்க வேண்டும், அதற்காகப் பழைய தீர்மானத்தை அப்படியே வைத்துக்கொண்டு இராசநாயகமே இடம் பிரிக்கட்டும் என்று. மன்னாரிலிருந்து திரும்பி வந்த நடராசாதான் எல்லாரிலும் உரத்துக் கத்தினானாம். அப்பா வீட்டுக்கு வந்து, நிலைமை சீராகும் வரைக்கும் என்று எழுது என்கிறார். அதே சொல், ஒரு எழுத்து மாறவில்லை. நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். இரண்டு கிழமை புத்தகம் வெறுமையாய்க் கிடந்தது. இராசநாயகம் தானே வந்து, "அக்கா, உது நல்லதுக்குத்தானே, நான் அந்தாள் மாதிரிச் செய்வனோ?" என்றான். "தம்பி, அந்தாளும் முதல் நல்லாத்தான் செய்தவர். முடியிற திகதியைச் சொல்லும், எழுதிறன்" என்றேன். திகதி சொல்லாமலே படலையைச் சாத்திக்கொண்டு போனான். செல்வநாயகி, ஆம் மகனே, அந்தச் செல்வநாயகிதான், கிணற்றடியில் என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள். சம்மாட்டியாரிடம் கைக்கூலி வாங்கினேன் என்று கதை வேறு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கள்ளன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிவிட்டு, கதவு திறந்து கிடக்க, சாவி இப்போது நல்லவனிடம் இருக்கிறது என்று கைதட்டுகிறார்கள்.

போன ஞாயிறு திரும்பவும் கூடினார்கள். காரியதரிசி பெண்சாதிக்குப் பயந்து எழுதவில்லை என்று எல்லாரும் சிரித்தார்களாம். அப்பா எழுந்து நின்றாராம். நடந்ததை எனக்குச் சொன்னது அவர் அல்ல, வேலிக்கு வெளியே நின்று கேட்ட யோசப்பின். "நான் பெண்சாதிக்குப் பயப்பிடேல்லை. எனக்கு நல்ல இடம் தந்தவை, அதாலை நான் வாயை மூடிக்கொண்டிருந்தனான். நடராசாவின்ரை தடியைப் பிடுங்கினது ஆரெண்டு தெரிஞ்சும் இருந்தனான். நாளைக்கு இராசநாயகம் தந்தாலும் மூடிக்கொண்டுதான் இருப்பன். என்னைப்போலை ஆக்கள் இந்தக் கரையிலை கனபேர் இருக்கினம். சீட்டுப் போட்டு வாறதெண்டால் ஆருக்கும் நன்றிக்கடன் இல்லை" என்று சொன்னாராம். பிறகு பழைய தீர்மானத்தை அழிப்பதா என்று பானை வைத்தார்கள். பதினைந்து கொட்டை, பதினாலு சிப்பி. ஒரே ஒரு கொட்டையால் பழைய தீர்மானம் அழிந்தது, அன்றைக்கே சீட்டுக் குலுக்கினார்கள். சம்மாட்டியாரின் பேரையும் போட்டுத்தான்.

வாய்க்கால் முகம் ஆருக்கு விழுந்தது என்று நினைக்கிறாய்? தம்பிராசாச் சம்மாட்டியாருக்கு. சனம் கூவென்று எழும்பியதாம், இராசநாயகம் பேரை இரண்டு தரம் உரத்து வாசித்தானாம். சேற்றுக் கரை அப்பாவுக்கு. இப்போது பாதிக் கரை எங்களைப் புத்திகெட்ட பேயர் என்கிறது, நடராசா அப்பாவோடு தோணி ஏற மாட்டேன் என்றுவிட்டான், சம்மாட்டியாரோ நல்ல இடத்தில் தடி நடுகிறார். நான் அவ்வளவையும் புத்தகத்தில் எழுதி வைத்தேன். சங்கம் பிழைத்ததா என்று கேட்டால், ஒரு புளியங்கொட்டையில் பிழைத்தது, அடுத்த ஆடியில் அந்த ஒருவனும் மனம் மாறலாம். எனக்கு நம்பிக்கையை விட அலுப்புத்தான் கூட இருக்கிறது.

நீ அங்கே ஆரோடும் சண்டை கொழுவாதே, நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. இந்த முறை கருவாடு அனுப்ப வழியில்லை. தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றுவாளாக, எங்கள் ஆசீர்வாதம் என்றும் உன்னோடு இருக்கும். மறவாமல் ஒன்று செய், இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே. அப்பாவுடைய பேருக்குத் தனியாக எழுது. அத்தனை பேருக்கு முன்னால் தன் குற்றத்தைச் சொன்ன நாளிலிருந்து அவர் வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிடுவதில்லை, நான் சொல்லும் ஆறுதல் அவருக்கு ஏறுவதுமில்லை. அவர் மகன் என்பதில் உனக்கு வெட்கம் இல்லை என்று எழுது. கடிதம் வந்ததும் நானே அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
மார்கிரட் சந்தியோகு