சீம்பால் கொல்லவில்லை, ராமாயி அக்கா

என் கண்ணான ராமாயி அக்காவுக்கு,

இன்று காலை, ஊர் நிலத்தையெல்லாம் வைத்து ஆளும் அந்தப் பண்ணாடி வீட்டு வாசலில் போய் நின்றேன். உங்களை அடித்துக் கொன்ற அதே வாசல். நான்கு வருடமாக அந்தத் திக்கில் தலைவைத்தும் படுக்காதவள் நான். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதற்கு முன் என் வண்டவாளத்தைக் கொட்டிவிடுகிறேன், படிக்கிற நாலு பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்து, வெள்ளைச் சேலையும் மாராப்பில் குத்திய கடிகாரமுமாகப் புதுச்சத்திரத்துக்குச் சர்க்கார் நர்ஸாக வந்து இறங்கினேனே, அன்றைக்கு என் தலைக்கனம் என்ன கொஞ்சமா? சூரமங்கலத்து ரயில்வே குடும்பம், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த கிறிஸ்தவப் பெண். நீங்களோ ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்திய மருத்துவச்சி. உங்களை வெந்நீர் போடத்தான் ஏவினேன்.

பண்ணாடியின் மருமகள் செல்லாயிக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெற்றவுடன் சுரக்கும் மஞ்சள் சீம்பாலை அந்த வீட்டில் சுவரில் பீய்ச்சிவிடுவார்கள். மூன்று நாளைக்குப் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும்தான். சீம்பால் விஷமில்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? நீங்கள் செல்லாயியின் காதோடு காதாக ஏதோ சொன்னீர்கள், அவள் பிள்ளையை எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு நாம் இருவரும் ஜெயித்தோம்.

மறுநாளே அதை நான் குட்டிச்சுவராக்கினேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம்தான் பால், நடுவில் அழுதால் தூக்கக் கூடாது என்று ஒரு வெள்ளைக்கார துரைசானி எழுதிய புத்தகத்தில் இருந்தது. அப்படித்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பிள்ளை கதறக் கதற நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லாயிக்கு மார் கல்லாகக் கட்டிக் காய்ச்சல் கண்டது. பிறகு பால் வற்றிவிட்டது.

"ஏனுங்க நர்சம்மா, பச்சப்புள்ளைக்கு மணி பாக்கத் தெரியுமுங்களா? அழுதாக் குடுக்கோணுமுங்க" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கக் குனிந்தீர்கள்.

"கம்முனு அக்கட்டால போ. படிச்சவ நானா, நீயா?" என்று உங்கள் கையில் ஓங்கி அடித்தேன். அந்தச் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. நீங்கள் திருப்பி என்னை ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா, அக்கா?

பதினோராம் நாள் காலையில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. அப்புறம் மூச்சையும் நிறுத்தியது.

"சீம்பாலக் குடுத்துக் கொன்னுபோட்டாளுங்களே!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். பண்ணாடி நம் இருவரையும் வாசலில் நிறுத்தினார். "ஆரு அந்தக் கருமத்தக் குடுக்கச் சொன்னது?"

"நாந்தானுங்க சாமி" என்று முந்திக்கொண்டீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, யார் சொல்லியிருந்தாலும் அடி உங்களுக்குத்தான் என்று தெரிந்தா?

வேப்பமரத்தில் கட்டி மாட்டுச் சாட்டையால் விளாசினார்கள். முதல் அடியிலேயே முதுகுத் தோல் பிய்ந்தது. பண்ணாடிக்குக் கை ஓய்ந்ததும் மகன் சாட்டையை வாங்கிக்கொண்டான். கயிற்றை அவிழ்த்ததும் கீழே விழுந்தீர்கள், விழுந்த உங்களை உதைத்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. பத்தடி தள்ளி நான் நின்றேன். சீம்பால் இல்லை, என் கடிகாரம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை! பாவி, என் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் ரத்தம் கக்கிச் செத்தீர்கள். மாடு முட்டிவிட்டது என்று ஊரே சொன்னது, நானும் தலையாட்டினேன். அதன்பின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தியும் சீம்பால் கொடுக்கவில்லை. கொடுக்க நினைத்தவளிடமும், "ராமாயி கொன்ன புள்ளைய மறந்துட்டயா?" என்று கேட்டு மிரட்டினார்கள்.

இப்போது எங்கும் யுத்தப் பேச்சு. நான் சேலத்தில் நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுக்கிறேன், சிரிக்காதீர்கள். அதே புத்தகம், அதே நான்கு மணி நேரம். போன வாரம் பள்ளிபாளையத்து மருத்துவச்சி ஒருத்தி எழுந்து, "நடுவால கொழந்த அழுதா என்னங்க பண்றது?" என்று கேட்டாள். அவளை அடிக்க என் கை ஓங்கிவிட்டது, அக்கா! ஓங்கிய கையைப் பார்த்ததும் அன்றைக்கு உங்கள் கையில் விழுந்த அடிதான் கண்முன் வந்தது. புத்தகத்தைக் கிழித்தெறிந்துவிட்டு உங்களுக்கு நடந்ததை அவர்களிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க சும்மாவா நின்னீங்க?" என்றாள் அவள்.

செல்லாயிக்கு மறுபடி பிள்ளை பிறந்திருக்கிறது என்று நேற்று தகவல் வந்தது. விடிந்ததும் ஓடினேன். வாசலில் நின்று, "அன்னிக்கு உங்க பேரனக் கொன்னது சீம்பாலும் இல்ல, ராமாயியும் இல்ல, நான்தான்!" என்று கத்தினேன். கொட்டகையில் தொங்கிய சாட்டையை எடுத்துப் பண்ணாடியின் காலடியில் போட்டு, "அடிங்க" என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பினார். "தெரியுமுங்க நர்சம்மா. நீங்க மணி பாத்ததெல்லாம் எங்க ஊட்டுல ஆருக்குத் தெரியாது? சர்க்கார் நர்ச அடிச்சா போலீசு வரும். அவள அடிச்சா ஆரு வருவா?"

அவர் கழுத்தைப் பிடித்துவிட்டேன். நெரித்தேன், அக்கா. கொல்லத்தான் நெரித்தேன். ஆட்கள் என்னைப் பிய்த்து எறிந்ததில் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அப்போது செல்லாயி பிள்ளையோடு வெளியே வந்தாள். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை மாமனார் மேலேயே வீசினாள். எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து பிள்ளைக்கு மாரைக் கொடுத்தாள்.

"இது அழுவறப்பெல்லாம் குடுப்பேன். தடுக்கறவீங்க வாங்க பாக்கலாம்" என்றாள். ஒருவரும் நகரவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பிள்ளை மூன்றாம் முறையாகக் குடிக்கிறது. இனி என்னிடம் படிக்க வருகிற ஒருத்தியையும் கடிகாரத்தைக் காட்டிப் பிள்ளையைப் பட்டினி போட விடமாட்டேன்.

இங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். மாடு முட்டியது பொய், அடித்தவர்கள் இன்னார், பார்த்துக்கொண்டு நின்றவள் நான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். வேலை போகட்டும், என்னையும் சேர்த்தே உள்ளே தள்ளட்டும். உங்களை அடித்தால் யார் வருவார் என்று அந்த ஆள் கேட்டானே, நான் வருகிறேன், அக்கா. உங்களைப் புதைத்து நான்கு வருடம் கழித்து வருகிறேன், ஆனாலும் வருகிறேன்.

உங்களைச் சாகவிட்ட உங்கள் தங்கச்சி,
பிலோமினா