என் வாந்தியை நானே அளந்தேன்

சுவா, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு லித்தியானா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

நேற்று நர்சிங் பள்ளியில் முதல் செய்முறைப் பரீட்சை. என் பெயரைச் சொல்லி சர்ச் முழுவதையும் உபவாசம் இருக்க வைத்தாயாமே! அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் ஒரு வாய் மரவள்ளி இறங்கவில்லை. ஊரே பட்டினி கிடந்து நான் தோற்றால், எந்த முகத்தோடு நம் தீவில் கப்பலை விட்டு இறங்குவேன்?

பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. பொம்மை நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கும்போது குமட்டி, கையிலிருந்த தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சீ! மஞ்சளாக, நுரையோடு, இழை இழையாக. இப்போதும் உடம்பு கூசுகிறது. வெளியே ஓடப் பார்த்தேன். பரீட்சை வைத்த சிஸ்டர் வாசிதி கதவை மறித்தார்.

"எங்கடி ஓடுற? நோயாளி எடுத்தாலும் இப்படித்தான் ஓடுவியா? எவ்வளவுன்னு அள. நிறத்தை எழுது."

மூக்கைப் பொத்தக்கூட விடவில்லை, அம்மா. அறுபது மில்லி. அதற்கு மட்டும்தான் முழு மார்க், அதனால்தான் தேறினேன்.

சர்ச்சாரிடம் நான் தேறியதை மட்டும் சொல், எதில் என்று சொல்லாதே. நீ இடுப்பில் சுற்றிக் கட்டும் பழைய சுலு ஒன்று அனுப்பு. இங்கே தலையணைகூட பினாயில் நாறுகிறது. கடிதம் கொண்டுபோகும் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. சுலுவைத் துவைத்துவிடாதே.

லித்தியானா